விண்ணப்பமும் போகட்டும், படிப்பும் நடக்கட்டும்



மாவனல்லைப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் வந்த கடிதங்களிலேயே நீளமானது. அதில் முக்கியமான பகுதியை மட்டும் தருகின்றேன்:

"என் மூத்த மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு செய்தாள். மூன்று பாடமும் சித்தி. இஸட் புள்ளி 1.5. டொக்டராக வேண்டுமென்று நாமே சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. 'இந்தப் புள்ளிக்கு மெடிசின் கிடைக்கப் போவதில்லை. பிறகெதற்கு விண்ணப்பம்? இரண்டாந் தரம் எடுக்கட்டும்' என்கிறார் அவளுடைய வாப்பா. 'வயது இருபதாகிறது, வந்திருக்கிற பேச்சை முடித்துவிடுவோம்' என்கிறார் மாமி. பிள்ளையோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். சாப்பாடும் சரியில்லை. நான் யார் பக்கம் பேசுவது?"

இது ஒரு வீட்டுக் கதையல்ல. ஒவ்வோர் ஆண்டும் உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு வாரம் போனதும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுத்தான் நடக்கிறது. எனவே அந்தச் சகோதரிக்குச் சொல்லும் பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகின்றேன்.

பதில் இதுதான். பிள்ளை விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பித்த கையோடு இரண்டாந் தடவைக்கான படிப்பையும் தொடங்கட்டும். ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்ற நினைப்புத்தான் பல பிள்ளைகளின் இடத்தைப் பறித்திருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் பரீட்சையின் நாட்காட்டி அப்படி அமைந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. பெறுபேறு வெளிவந்தது மே மாதக் கடைசியில். அடுத்த உயர்தரம் நவம்பர் 25ஆந் திகதி தொடங்கியது. அதாவது பெறுபேற்றைக் கையில் எடுத்த பிள்ளைக்கு அடுத்த பரீட்சைக்கு இருந்தது ஆறு மாதத்துக்கும் குறைவு. பல்கலைக்கழக விண்ணப்பம் கோருவதும், வெட்டுப்புள்ளி வெளிவருவதும், தெரிவுக் கடிதம் வருவதும் இந்தக் காலத்தினுள்ளேயும் அதற்குப் பின்னருமாகவே நடக்கும். வெட்டுப்புள்ளி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று புத்தகத்தை மூடி வைத்தால் பரீட்சை தலைக்கு மேல் வந்து நிற்கும். விண்ணப்பிக்காமல் பரீட்சையை மட்டும் நம்பினாலோ, அந்த ஆண்டின் இடம் போனது போனதுதான். ஓராண்டின் பெறுபேறு அவ்வாண்டு அனுமதிக்கு மட்டுமே செல்லும். இரண்டாந் தடவை 1.5 என்பது 1.3 ஆகிவிட்டால் பழைய 1.5ஐக் கொண்டு போய்க் கேட்க முடியாது. மாவனல்லை வாப்பா இந்த ஒன்றை யோசித்திருக்க மாட்டார் என்றே நினைக்கின்றேன்.

இனி இந்த இஸட் புள்ளி. 1990களில் உயர்தரம் எழுதிய தாய்மாருக்கு நான்கு பாடமும் நானூறு புள்ளியும் நன்றாக நினைவிருக்கும். "அவள் எத்தனை? இருநூற்று எண்பதா?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். 2000ஆம் ஆண்டிலிருந்து பாடம் மூன்றாகியது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி வந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் "எங்கள் மகள் 1.5 மட்டும்தான் எடுத்தாள்" என்று நூற்றுக்கு ஒன்றரை வாங்கியது போல் அழுகின்ற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள்.

விடயம் அவ்வளவு கடினமல்ல. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழிக்க வேண்டும். வருவதை நியம விலகல் என்னும் எண்ணால் வகுக்க வேண்டும். நியம விலகல் என்றால் எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதற்கான அளவு. ஓர் உதாரணம் சொல்கிறேன் (எண்கள் நான் கணக்குக்காக எடுத்தவை). உயிரியலில் சராசரி 42, நியம விலகல் 14 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 70 எடுத்தால் அவள் சராசரியை விட 28 மேலே. 28ஐ 14ஆல் வகுத்தால் 2. இரசாயனவியலில் சராசரி 38, விலகல் 16, பிள்ளை 62 என்றால் 1.5. பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 20, பிள்ளை 60 என்றால் 1. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 1.5. மாவனல்லை மகளுடைய புள்ளி இப்படித்தான் வந்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விடயம் விளங்கும். முதலாவது, 1.5 என்பது தோல்வியல்ல. நாடு முழுவதும் அந்தப் பாடங்களை எழுதிய கூட்டத்தில் சராசரியை விட ஒன்றரை விலகல் மேலே நிற்கிறாள் அந்தப் பிள்ளை. சராசரிக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புள்ளி சைபருக்குக் கீழே, கழித்தல் அடையாளத்தோடு வரும். அதைக் கண்டு பிள்ளை பெயிலாகி விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட வேண்டாம். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளைக்கும் கழித்தல் வரலாம்.

இரண்டாவது, இது நம் பிள்ளையின் அறிவை அளக்கும் தராசு அல்ல. அந்த ஆண்டு, அந்தப் பாடத்தை எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டு அவள் எங்கே நிற்கிறாள் என்று சொல்லும் எண். யாரோடு ஒப்பிடுவது என்பது மாறினால் எண்ணும் மாறும். 2011இல் இது நாடறிந்த வழக்காகவே போயிற்று. அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் இருந்தார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி கணித்தது பிழை என்று உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் தீர்ப்பளித்து, வெவ்வேறாகக் கணிக்கச் சொன்னது. பிள்ளைகள் எழுதிய விடை ஒன்றும் மாறவில்லை. கணக்கு மாறியபோது அவர்களது நிலையும் மாறியது. இப்படிப்பட்ட ஓர் எண்ணுக்காக ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பதா?

சரி, இடம் எப்படிக் கிடைக்கிறது? பெறுபேற்றுத் தாளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி என்று போட்டிருந்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அண்மைய ஆண்டுகளில் தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகும். 55 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மீதி 5 கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். புத்தளம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, அனுராதபுரம், பதுளை என நம்மவர் செறிந்து வாழும் பல மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. கலைத்துறையின் பல நெறிகள் மட்டும் அகில இலங்கைத் திறமையையே பார்க்கும்.

ஆகவே ஒரே இஸட் புள்ளிக்கு ஒரு மாவட்டத்தில் வைத்திய பீடம் கிடைக்கும், இன்னொரு மாவட்டத்தில் கிடைக்காது. "மன்னாரில் இருக்கும் என் தங்கச்சி மகளுக்கு இதைவிடக் குறைந்த புள்ளிக்குக் கிடைத்ததே" என்று வீட்டில் ஒப்பிட்டுப் பிள்ளையின் மனதை நோகடிக்காதீர்கள். பிள்ளை எந்த மாவட்டத்துக்கு உரியவள் என்பதை வாப்பா பிறந்த ஊரோ புதிதாக வாங்கிய காணியோ தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அவள் படித்த பாடசாலையை வைத்தே பார்ப்பார்கள்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், உயர்தரப் பரீட்சையின் நான்காவது பாடம் இதுதான். மூன்று பாடத்தில் நன்றாகச் செய்து இந்த நான்காவதில் கோட்டை விட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கைநூல் வெளியிடுகிறது. கடைகளிலும் வாங்கலாம், ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். தமிழிலும் உண்டு. விண்ணப்பம் இணையத்தளத்தின் ஊடாகவே நிரப்பப்படுகிறது. அதனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளையின் தரவுகளை ஒரு தாளில் எழுதி நானாவின் கையில் கொடுத்து, டவுனில் உள்ள கொம்பியூட்டர் கடைக்கு அனுப்புகிறார்கள். கடைப் பையன் "எது போட?" என்று கேட்க, நானா வாயில் வந்ததைச் சொல்கிறார். ஒரு பெண்பிள்ளையின் அடுத்த நான்கைந்து வருடம் அந்தக் கதிரையில் தீர்மானமாகிறது. பிள்ளை வீட்டில் இருக்கிறாள்!

சகோதரிகளே, அந்தக் கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நீங்களும் போங்கள். அதற்கு முன்பே வீட்டில் கைநூலை விரித்து வைத்துப் பென்சிலால் ஒரு வரிசை எழுதுங்கள். ஒரு கற்கைநெறியும் அது உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்ததுதான் ஒரு தெரிவு. கொழும்பு வைத்திய பீடம் ஒரு தெரிவு. யாழ்ப்பாணம் வைத்திய பீடம் வேறொரு தெரிவு. பிள்ளை விரும்பும் வரிசையிலேயே போட வேண்டும். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். எழுதாத ஒன்றை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

"மெடிசின் மட்டும் போட்டால் போதும்" என்று நான்கைந்து தெரிவோடு படிவத்தை முடித்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். கண்டி மாவட்டம். வெட்டுப்புள்ளிக்குச் சிறிதளவு குறைந்தது. அதே வகுப்பில் அவளை விடக் குறைந்த புள்ளி எடுத்த தோழி பிசியோதெரபி, பாமசி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல் என்று பட்டியலை நீட்டிப் போட்டிருந்தாள். தோழி இன்று வைத்தியசாலையில் பிசியோதெரபிஸ்ட். இவளுக்கு அந்த ஆண்டு எதுவுமே இல்லை. புள்ளி இருந்தது, படிவத்தில் இடமும் இருந்தது, பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

உயிரியல் பிரிவு என்றால் வைத்தியம் மட்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பல் வைத்தியம் உண்டு. பேராதனையில் மட்டும் உள்ள மிருக வைத்தியம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி உண்டு, ஆயுர்வேதம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த வைத்தியம் உண்டு. விவசாயம், உணவு விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம் என்று இன்னும் போகும். நம் பெண்கள் வைத்தியசாலைக்குப் போனால் ஸ்கேன் எடுக்கவும், இரத்தம் எடுக்கவும், மருந்தை விளங்கப்படுத்தவும் ஒரு பெண் இருக்க மாட்டாளா என்று தேடுகிறோம். அந்தப் பெண் யாருடைய மகளாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்?

தூரம் என்ற பிரச்சினை உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. "கொழும்பும் பேராதனையும் மட்டும் போடு, மற்ற இடத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லும் வாப்பாவின் பயம் பொய்ப் பயமல்ல. ஆனால் அந்தப் பயத்தைப் படிவம் நிரப்பும் நாளிலேயே கொட்டித் தீர்த்தால் பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. தெரிவுக் கடிதம் வந்த பிறகு போய்ப் பார்த்துத் தீர்மானிக்க வழியுண்டு. மாணவியர் விடுதி எப்படி, அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் யார் யார் படிக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன வழி, வார விடுமுறைக்கு வர பஸ் உண்டா என்றெல்லாம் நேரில் போய் விசாரிக்கலாம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விடுதியில் முன்னுரிமை கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் பல. பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருந்தும் அது நடக்கிறது என்பதும் உண்மை. அப்படி ஏதும் நடந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லும் துணிவைப் பிள்ளைக்கு இப்போதே கொடுங்கள். 1995இல் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமான, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள். தூரம் போன பிள்ளைகளின் உம்மாமாரோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள். என் நூறு வார்த்தையை விட அவர்களது பத்து வார்த்தை பயன்படும்.

ஒரு சிறிய எச்சரிக்கை. கட்டடக்கலை போன்ற சில நெறிகளுக்கு இஸட் புள்ளியோடு தனியாக உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும். விண்ணப்பத்தில் பெயரை எழுதிவிட்டு இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க மறந்தால் பலனில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. இனி இரண்டாந் தடவைப் படிப்பு.

முதல் தடவை போல் எல்லாவற்றையும் அட்சரத்திலிருந்து தொடங்க வேண்டாம். பல பிள்ளைகள் மறுபடியும் அதே ரியூசன் மண்டபம், அதே முன்னூறு பேர், அதே நோட்ஸ் என்று போகிறார்கள். பெற்றாரும் மாதாந்தம் காசைக் கட்டிவிட்டால் தம் கடமை முடிந்தது என்றிருக்கிறார்கள். முதல் தடவை எங்கே புள்ளி போனது என்று பார்த்தார்களா? மேலே சொன்ன கணக்கையே எடுங்கள். அந்தப் பிள்ளை உயிரியலில் இன்னும் 10 புள்ளி எடுத்தால் மொத்த இஸட் புள்ளி ஏறத்தாழ 0.24 கூடும். பௌதிகவியலில் அதே 10 எடுத்தால் 0.17தான் கூடும். ஏனென்றால் அங்கே புள்ளிகள் அதிகம் பரந்து கிடக்கின்றன. ஆனால் 70ஐ 80 ஆக்குவது எளிதா, 60ஐ 70 ஆக்குவது எளிதா? அதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். எந்த அலகில் கை நடுங்கியது என்று அவளைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.

விஞ்ஞானப் பாடங்களில் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம் கூட இல்லை. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது. இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம், அதற்கு முன் வாசிப்பதற்கென 10 நிமிடம். அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கு, அதன்பின் தெரிவு செய்து எழுதும் கட்டுரை வினாக்கள். உயிரியலில் ஆறில் நான்கு எழுத வேண்டும். நன்றாகத் தெரிந்த முதற் கட்டுரைக்கே ஒரு மணித்தியாலத்தைக் கொடுத்துவிட்டு, நான்காவதை நான்கு வரியில் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்! இது அறிவில் குறையல்ல, பழக்கத்தில் குறை. வீட்டில் மணிக்கூட்டை வைத்து முழுப் பத்திரத்தையும் ஒரே இருப்பில் எழுதிப் பழகினால்தான் இது சரியாகும். கடந்தகால வினாத்தாள்களோடு பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளி வழங்கும் திட்டமும் மதிப்பீட்டு அறிக்கையும் உண்டு. எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்த வினாவில் நாட்டுப் பிள்ளைகள் பொதுவாகத் தவறினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ரியூசன் நோட்ஸை விட அதற்குப் பெறுமதி அதிகம் என்பது என் எண்ணம்.

இங்கேதான் உம்மாவின் உதவி வேண்டும். ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம்! நம் வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு அது கிடைக்கிறதா? நடுவில் தம்பிக்குத் தேத்தண்ணி, விருந்தாளி வந்தால் தட்டம், சின்னவளுக்குத் தலை சீவல், பின்னேரம் ஓதப் போகும் பிள்ளைகளை அனுப்புதல். ஆண்பிள்ளை உயர்தரம் எழுதினால் வீடே அடங்கிப் போகிறது. "நானா படிக்கிறார், சத்தம் போடாதீங்க" என்கிறோம். மகள் எழுதினால் "படிச்சது போதும், குசினிக்கு வா" என்கிறோம். இரண்டாந் தடவை எழுதும் மகள் பாடசாலைக்கும் போவதில்லை. ஆகவே அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றே எல்லோருக்கும் தோன்றுகிறது. கல்யாண வீட்டு வேலைக்கும் மையத்து வீட்டு வேலைக்கும் முதலில் அழைக்கப்படுபவள் அவள்தான். வாரத்தில் மூன்று நாள், காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் ஒரு கட்டளை போடுங்கள். காலை நேரம் என்று சொல்வதற்குக் காரணமுண்டு. பரீட்சை நடப்பது பகலில். இரவு இரண்டு மணிவரை விழித்துப் படித்துப் பழகிய மூளை காலை எட்டரைக்கு மந்தமாகவே இருக்கும். சுபஹுக்குப் பின் படுக்காமல் படித்துப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு.

பொதுச் சாதாரணப் பரீட்சையை மறந்துவிட வேண்டாம். அதில் குறைந்தது 30 புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். அது இஸட் புள்ளியில் சேராது என்பதால் பிள்ளைகள் அலட்சியம் செய்கிறார்கள். அது இல்லாமல் மற்ற மூன்றும் வீண். பொது ஆங்கிலமும் இஸட் புள்ளியில் சேராதுதான். ஆனால் வளாகத்துக்குப் போன முதல் வாரமே அதன் அருமை தெரியும். விஞ்ஞானம் சார்ந்த நெறிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன.

மண்டபத்துக்குப் போகும் உடை பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாதக் கடைசியில் பெறுபேறு வெளிவந்தபோது திருகோணமலையில் ஒரு பாடசாலையின் 70 மாணவிகளின் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காது மறையும்படி முக்காடிட்டிருந்தார்கள் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் பெறுபேறு கிடைத்தது. ஆனால் அந்த இடைக்காலத்தில் அந்தப் பிள்ளைகளும் தாய்மாரும் பட்ட வேதனையை நினைத்துப் பாருங்கள். அது நியாயமா அநியாயமா என்பதைப் பேச வேறு இடமுண்டு. இப்போது உங்களால் செய்யக்கூடியது, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே பாடசாலை அதிபரிடமோ, தனிப்பட்ட பரீட்சார்த்தியானால் திணைக்களத்திடமோ உடை பற்றிய அறிவுறுத்தலைக் கேட்டுத் தெளிந்துகொள்வது. மேற்பார்வையாளர் பார்க்கக் கேட்டால் எப்படி, யார் பார்ப்பது என்றும் கேட்டு வையுங்கள். பரீட்சை நாள் காலையில் வாசலில் நின்று வாதாடும் நிலை பிள்ளைக்கு வரக் கூடாது.

நோன்புக் காலமும் அப்படித்தான். 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆகஸ்ட் உயர்தரம் ரமழானில் வந்தது. 2025 மார்ச்சில் சாதாரண தரம் நோன்பில் நடந்தது. நம் பிள்ளைகள் எழுதினார்கள். ஸஹரில் நன்றாகத் தண்ணீர் குடிக்க வைப்பதும், பரீட்சை முடிந்து வந்ததும் இஃப்தார் வேலைக்குக் கூப்பிடாமல் ஒரு மணித்தியாலம் தூங்க விடுவதும் வீட்டாரால் முடிந்த காரியங்கள்.

இனி, தெரிவுக் கடிதம் வந்துவிட்டது என்று வைப்போம். மாவனல்லை மகளுக்கு வைத்தியம் இல்லை, பாமசி கிடைத்திருக்கிறது. இரண்டாந் தடவைப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது என்ன செய்வது? தீர்மானம் எடுக்க வேண்டிய நேரம் இதுதான், பெறுபேறு வந்த அன்றல்ல. ஒரு நெறிக்குப் பதிவு செய்துவிட்டால் பின்னர் வேறு நெறிக்கு மாறிப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். கைநூலில் அந்தப் பகுதியைப் பதிவு செய்யுமுன் வாசியுங்கள். பதிவுக்குத் திகதியும் உண்டு, திகதி தவறினால் இடமும் போகும். பிள்ளையின் படிப்பு எந்த அளவில் இருக்கிறது, மாதிரிப் பத்திரங்களில் எவ்வளவு எடுக்கிறாள், சென்ற ஆண்டுகளில் உங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளி என்ன என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். வெட்டுப்புள்ளி 0.05 தூரத்தில் இருந்தால் ஒரு பேச்சு. 0.4 தூரத்தில் இருந்தால் வேறு பேச்சு. கையிலிருக்கும் பாமசியை ஒரு கனவுக்காக விடச் சொல்லும் வாப்பா, அந்தக் கனவு மகளுடையதா தன்னுடையதா என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும். மகளே மனமுவந்து "நான் மீண்டும் எழுதுகிறேன்" என்றால் அதற்கும் துணை நில்லுங்கள்.

கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாமி சொல்வதில் கெட்ட எண்ணமில்லை. ஆனால் நவம்பரில் பரீட்சை எழுதப் போகும் பிள்ளையிடம் செப்டெம்பரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்வது எந்த விதத்திலும் சரியல்ல. வந்த இடம் நல்ல இடமென்றால் பரீட்சை முடியும் வரை மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்க முடியாது என்பவர்கள், நாளை அவள் நான்கு வருடம் படிக்க வேண்டும் என்னும்போது என்ன சொல்வார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மாமியிடம் இதை நீங்கள் சொல்வதைவிட மாப்பிள்ளை சொன்னால் நல்லது. ஆகவே சகோதரியே, முதலில் அவரை உட்கார வைத்து இஸட் புள்ளிக் கணக்கையும் நாட்காட்டியையும் விளங்கப்படுத்துங்கள்.

மற்றக் கடிதங்களில் இரண்டுக்கு மட்டும் சுருக்கமாக:

கல்முனைச் சகோதரிக்கு: ஆம், பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் எடுக்கப்படும். இரண்டாந் தடவை எழுதுபவர் என்பதற்காகப் புள்ளி குறைப்பதில்லை.

பேருவளைச் சகோதரிக்கு: முதல் தடவை சித்தியடைந்த இரண்டு பாடத்தையும் இரண்டாந் தடவை சித்தியடைந்த ஒன்றையும் சேர்த்துக் காட்ட முடியாது. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். ஆகவே மகள் இம்முறை இரசாயனவியலை மட்டும் எழுதப் போகிறாள் என்றால் உடனே தடுத்து, மூன்றுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பரீட்சை விண்ணப்பத்தின் முடிவுத் திகதியையும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.